டங்ஸ்டனில் ஒரு துளி தாமதம்

கண்ணுக்குத் தெரியாத காந்தப் படலத்தை லேசரால் அடித்து, அது விடும் டெராஹெர்ட்ஸ் அலைக்காகக் காத்திருப்பது எங்கள் பிழைப்பு. பிஹெச்.டி. என்ற பெயரில் இருட்டறையில் தவம் கிடக்கும் அன்பர்களே, இது உங்களுக்காக.

கடற்காற்று

டெராஹெர்ட்ஸ் அலையை ஈரக்காற்று வழியிலேயே குடித்துவிடும். அதனால் அடையாறு ஆய்வகத்தில் கருவியைப் பெட்டிக்குள் மூடி நைட்ரஜன் நிரப்புவோம். ஒரு நாள் குழாய் கழன்று, பகல் முழுக்க எடுத்த அளவீடு வீண். வயிற்றெரிச்சலோடு மயிலாப்பூர் திரும்பி, வீட்டுக்கார மாமியிடம் புலம்பினேன். காபி ஆற்றிக்கொண்டே கேட்டார்: "ஈரமே ஆகாதுங்கறே. அப்புறம் ஏண்டிம்மா சமுத்திரத்துக்குப் பக்கத்துல வச்சுண்டு பண்றேள்?"

நம்ம ஆளா?

எவ்வளவு அழகான சிக்னல் வந்தாலும் காந்தத்தைத் திருப்பிப் பார்க்காமல் நம்ப மாட்டோம். சிக்னல் தலைகீழானால்தான் அது காந்தப் படலத்தின் வேலை. ஒருமுறை திரையில் அம்சமாக ஒன்று வந்தது. நான் கைடுக்கு போன் போடப் போனேன். கூட ஆராய்ச்சி செய்யும் ராயப்பேட்டை இர்ஃபான் காந்தத்தைத் திருப்பினான். சிக்னல் அசையவில்லை. "நம்ம ஆளா இருந்தா இந்நேரம் குப்புற வுழுந்துருக்கணும் மச்சி. இது வேற எவனோ," என்றான்.

பாயசம்

என் தீசிஸின் கடைசி அத்தியாயம் ஒரு தாமதத்தை நம்பி இருந்தது. லேசர் அடித்ததும், எலக்ட்ரானின் தற்சுழற்சியைச் சுமக்கும் ஸ்பின் ஓட்டம், காந்தப் படலத்தின் மேல் பூசிய டங்ஸ்டன் உலோகத்துக்குள் நுழைந்ததுமே களைத்துவிடும். அணுவைச் சுற்றும் சுழற்சியைச் சுமக்கும் ஆர்பிட்டல் ஓட்டம் மறுகரை வரை போய்த்தான் அலையாக மாறும். அதனால் டங்ஸ்டன் தடிக்கத் தடிக்க சிக்னல் துளி லேட்டாக வர வேண்டும். வரவில்லை என்றால் இன்னொரு வருஷம்.

லேட்டாகவே வந்தது. மாமி பாயசம் வைத்தார். மறுநாள் இர்ஃபான் முகம் செத்து வந்தான். மெல்லிய டங்ஸ்டன் படலங்களை ஒரு பெட்டியிலிருந்து எடுத்த கண்ணாடித் தகடுகளிலும், தடித்தவற்றை வேறு பெட்டியின் தகடுகளிலும் பூசியிருந்தோம். இரண்டாவது பெட்டிக் கண்ணாடி கொஞ்சம் தடிமன். அலை லேட் ஆனது அதைக் கடக்கத்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவன் மெதுவாகச் சொன்னான்: "நாம டங்ஸ்டன அளக்கல மச்சி. கண்ணாடிய அளந்துகினு இருந்தோம்."

ஒரே கண்ணாடி

பிறகு ஒரே கண்ணாடியில் டங்ஸ்டனை ஒரு ஓரம் மெல்லிசாக, மறு ஓரம் தடிமனாகச் சரித்துப் பூசினோம். கைடு பக்கத்தில் நிற்க, லேசரை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நகர்த்தினேன். தாமதம் முன்னைவிடச் சின்னதுதான், ஆனால் இருந்தது. கைடு காந்தத்தைத் தானே திருப்பினார். சிக்னல் குப்புற விழுந்தது. தாமதம் அப்படியே நின்றது. பாராட்டி வழக்கமில்லாத மனிதர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "சரிம்மா. எழுது."

கண் இமைப்பதற்குள் லட்சம் கோடி முறை நடந்து முடிகிற ஒரு தாமதத்தை நிரூபிக்க எனக்கு ஆறு வருஷம் பிடித்தது. இதில் யார் லேட் என்று தயவுசெய்து எங்கள் வீட்டில் கேட்டுவிடாதீர்கள்.