தொள்ளாயிரம் டாலர் சீட்டு

யாராவது துப்பாக்கியை விற்கக் கொண்டுவந்தால் ஆர்விட் லேட்டோ அதன் மரக்கட்டையைப் பார்க்க மாட்டார். மெழுகு போட்டுத் துடைத்தால் எந்தக் கட்டையும் புதிதுபோல்தான் இருக்கும். அவர் குழலின் வாயை ஜன்னல் பக்கம் திருப்பி, ஒரு தோட்டாவின் முனையை அதில் செருகி, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பார். அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேடிக் துப்பாக்கிகள் பெரும்பாலானவற்றைப் பின்பக்கமிருந்து துடைக்க முடியாது. வாய்வழியாகத்தான் கம்பியை விட வேண்டும். எங்கள் ஊர் ஆண்கள் வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் இரும்புக் கம்பியை விட்டுத் தேய்த்துத் தேய்த்து வாயை அகலமாக்கிவிடுவார்கள். சுட்டுக் கெட்ட துப்பாக்கியைவிடத் துடைத்துக் கெட்ட துப்பாக்கிதான் இங்கே அதிகம்.

அடுத்து, உள்ளே தாழ் முன்னும் பின்னும் ஓடும் தடத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டுவார். நகம் எங்கேயாவது தடுக்கினால் உதட்டைப் பிதுக்குவார். பிறகு ஒரு விலை சொல்வார். ஒரே விலை. இருபத்திரண்டு வருஷமாக அந்த இரும்புக் கடையில் அவர் துப்பாக்கிப் பக்கம், நான் ஆணி, பெயின்ட் பக்கம். அவர் சொன்ன விலை தப்பென்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் வாங்க வருகிறவன் திட்ட வேண்டும். அது வேறு விஷயம். விலை சரி என்று அவனுக்கும் தெரியும். இருந்தாலும் தோளில் வைத்துப் பார்க்க வேண்டும், குழலுக்குள் கண்ணை விட வேண்டும், இந்தத் தகரத்துக்கா இவ்வளவு என்று அரைமணி நேரம் பேச வேண்டும். கடைசியில் ஆர்விட் பத்து டாலர் குறைப்பார், அல்லது ஒரு பெட்டி தோட்டா சும்மா கொடுப்பார். மிஷிகன் மாநிலத்தின் இந்த வடகோடியில் திட்டாமல் துப்பாக்கி வாங்கியவனை நான் ஒருவனைத்தான் பார்த்திருக்கிறேன்.

அவன் பெயர் லீலண்ட். பதினோரு வருஷத்துக்கு முன்னால் வந்தான். சீட்டில் இருந்த விலையைப் படித்தான், கொடுத்தான், நன்றி சொல்லிவிட்டுப் போனான். இன்றைக்கு ஒரு கனவான் வந்தான் என்று ஆர்விட் வீட்டில் போய் மனைவியிடம் சொன்னாராம். நாலாம் நாள் ஷெரிஃப் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து, லீலண்ட் தன்னையே சுட்டுக்கொண்ட துப்பாக்கியின் எண்ணைச் சொல்லி, பதிவேட்டில் இருக்கிறதா என்று கேட்டார். அதைப் பற்றி ஆர்விட் என்னிடம் ஒரே ஒரு தடவை பேசினார். "அவன் திட்டவே இல்லையே" என்றார்.

ரூடி தெர்வோ மார்ச் மாதம் வந்தான். சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். ஜனவரியில் அவன் மனைவி டோரின் இறந்துபோயிருந்தாள். போர்வையில் சுற்றிய துப்பாக்கியை மேஜைமேல் வைத்து, இது வீட்டில் இருக்க வேண்டாம் என்றான். மனசு கனத்துப்போன குளிர்காலங்களில் இங்கே ஆண்கள் துப்பாக்கியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவைப்பார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ரூடிக்குக் கொடுத்துவைக்க மனமில்லை. விற்கிறேன் என்றான்.

ஆர்விட் வழக்கம்போலப் பார்த்தார். தோட்டா இறங்கவே இல்லை, வாய் அப்படியே இருந்தது. நகம் எங்கேயும் தடுக்கவில்லை. வேட்டைக்கு ஏறி உட்கார்ந்த மரத்திலிருந்து எப்போதோ கீழே விழுந்ததில் கட்டையின் அடியில் ஒரு சில்லு போயிருந்தது, அவ்வளவுதான். நானூற்று இருபத்தைந்து கொடுத்தார். கடையில் வைத்து விற்றால் ஐந்நூற்று ஐம்பது. அதுதான் நியாயம்.

மறுநாள் காலையில் பார்த்தால் அதன் விசையில் கட்டியிருந்த சீட்டில் தொள்ளாயிரம் என்று எழுதியிருந்தது.

கோடை முழுவதும் ஊரே சிரித்தது. பழைய வாடிக்கைக்காரன் எய்னோ தினமும் காப்பிக் கோப்பையோடு வந்து, "ஆர்விட், இந்த விலைக்கு ஒரு மானையும் சேத்துக் கட்டித் தருவியா?" என்று கேட்பான். ஆகஸ்டில் தெற்கேயிருந்து வந்த ஒருவர் விலையைப் பார்த்தும் அசரவில்லை, பர்ஸை எடுத்துவிட்டார். உள்ளே தடம் தேய்ந்துபோயிருக்கிறது, வாங்காதீர்கள் என்று ஆர்விட் அவரிடம் சொன்னார். அவர் பொய் சொல்லி நான் முதல்முதலாகக் கேட்டது அன்றுதான். பெயின்ட் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

நவம்பர் ஐந்தாம் தேதி ரூடி மறுபடி வந்தான். மான் வேட்டை தொடங்கப் பத்து நாள் இருந்தது. சுத்தமாகச் சவரம் செய்திருந்தான். சுவரைக் காட்டி அதை எடுக்கச் சொன்னான். ஆர்விட் எடுத்து மேஜைமேல் வைத்தார். ரூடி அதைத் தொடவில்லை. சீட்டை மட்டும் திருப்பிப் படித்தான்.

"தொள்ளாயிரமா? சரி. படிவத்த குடுங்க."

துப்பாக்கி வாங்குகிறவர்கள் நிரப்ப வேண்டிய அரசாங்கப் படிவத்தை ஆர்விட் கொடுத்தார். அதில் பக்கம் பக்கமாகக் கேள்விகள். அவர் கேட்க வேண்டியது அதில் இல்லை. ரூடி பேனாவைத் திறந்ததும் அவர் பேச ஆரம்பித்தார். குழல்வாய் போய்விட்டது என்றார். தாழ் சிக்குகிறது என்றார். நீ ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவில்லை, இரும்புக் கம்பியை விட்டிருக்கிறாய் என்றார். ஒரு பைசாவுக்குப் பெறாத சாமானுக்குத் தொள்ளாயிரம் கேட்பதாக அவரே சொன்னார். துப்பாக்கி வைத்திருந்த எவனும் மேஜையைக் குத்தியிருப்பான். நான் பெயின்ட் டப்பா குலுக்கும் இயந்திரத்தை நிறுத்தினேன்.

"பரவால்ல" என்று சொல்லிவிட்டு ரூடி முகவரியை எழுதினான்.

ஆர்விட் தன் உள்ளங்கையைப் படிவத்தின்மேல் வைத்தார்.

"ரூடி, இது மானுக்கா, உனக்கா?"

அவன் பேனாவை மூடினான். மறுபடி திறந்தான்.

"தெரியல. காலைல எழுந்தப்போ மானுக்குத்தான்னு நெனச்சேன்."

"அப்ப இன்னிக்கு விக்கல."

"வேற கடை இருக்கு."

"இருக்கு. முப்பது மைல். வண்டில பேசிக்கிட்டே போலாம், நானும் வர்றேன்."

கோட்டை மாட்டிக்கொண்டு அவனுக்கு முன்னால் போய் அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவர்கள் அந்தக் கடைக்குப் போகவில்லை. ரூடியின் அக்கா மார்லிஸ் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் மார்லிஸ் அவனை டாக்டரிடம் கூட்டிப்போனாள். ரூடி கடைக்கு வந்த அன்று சாயங்காலமே ஆர்விட் சுற்றுவட்டாரத்தில் துப்பாக்கி விற்கிற இரண்டு பேருக்கும் போன் செய்து ரூடிக்கு எதுவும் விற்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதில் ஒருவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. இரண்டே நாளில் விஷயம் மதுக்கடை வரைக்கும் போய்விட்டது. ரூடி வேலைக்கு வரவில்லை என்றார்கள். மார்லிஸ் போன் செய்தபோதெல்லாம் ஆர்விட் முதல் மணியிலேயே எடுத்தார். சாப்பாட்டு நேரத்தில் இறைச்சி அடைத்த பாஸ்டி ரொட்டியைப் பாதி கடித்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். மற்ற கடைக்காரர்களுக்குப் போன் செய்தது தப்போ என்று என்னிடம் கேட்டார்.

பதினாலாம் தேதி, வேட்டைக்கு முதல் நாள், கடை நிறைய ஆட்கள். ரூடி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். அவன் நேராக ஆர்விட்டிடம் போனான்.

"ஊரெல்லாம் போன் போட்டு என் மானத்த வாங்கிட்டீங்க."

"ஆமா."

"என்னப் பயித்தியக்காரன்னு பாக்குறானுங்க. பெட்ரோல் போட நின்னாக்கூட பாக்குறானுங்க."

"ஆமா ரூடி. தெரியும்."

ரூடி ஓரடி முன்னால் வந்தான். கையை ஓங்கப்போகிறான் என்று நினைத்தேன். அவன் சுவரைப் பார்த்தான்.

"அப்பறம் குழல்வாய் போச்சுன்னீங்களே. பித்தளைக் கம்பியத் தவிர அதுல வேற எதையும் விட்டதில்ல நான். இரும்பாம். யாருகிட்ட கதை விடுறீங்க?"

ஒன்பது நாள் தள்ளி வந்த கோபம். ஆர்விட் சுவரிலிருந்த துப்பாக்கியின் சீட்டை எடுத்து, தொள்ளாயிரத்தை அடித்து, எண்ணூற்று ஐம்பது என்று எழுதிக் கட்டினார்.

வேட்டைக்கு ஆர்விட்டும் நானும் தங்கும் காட்டுக் குடிலுக்கு ரூடியும் வந்தான். வேட்டையாட இல்லை, சமைக்க. அதுதான் பேச்சு. ஆர்விட் அந்தத் துப்பாக்கியையும் கொண்டுவந்திருந்தார். தோட்டாக்கள் எல்லாம் அவர் வண்டியில் பூட்டியிருந்தன. மூன்றாம் நாள் மத்தியானம் சவுனா என்கிற நீராவிக் குளியலுக்கு விறகு எடுக்கப் போன ரூடி மூலையில் சாத்தியிருந்ததைப் பார்த்து நின்றான். தாழில் விரல் வைத்து, முகர்ந்து பார்த்து, இந்தக் குளிரில் இவ்வளவு எண்ணெய் போட்டது யார், கூழாக உறைந்து இரண்டாவது தோட்டா ஏறாது என்று முணுமுணுத்தான். ஒரு கந்தலை எடுத்துத் துடைத்தான். கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தான். பிறகு இருந்த இடத்திலேயே சாத்திவிட்டு விறகை அள்ளிக்கொண்டு வெளியே போனான். எண்ணெய் போட்டது ஆர்விட்தான். அவருக்குத் தெரியாததா?

ஆர்விட் பென்சிலை எடுத்துச் சீட்டில் இன்னொரு ஐம்பதைக் குறைத்தார்.

இப்போது டிசம்பர். துப்பாக்கி மறுபடி சுவரில் இருக்கிறது. ரூடி சில நாட்கள் வந்து கட்டையிலிருக்கிற சில்லைக் காட்டித் திட்டிவிட்டுப் போகிறான். சில நாட்கள் வருவதில்லை. அன்றைக்கு ஆர்விட் யாருடைய துப்பாக்கிக்கும் விலை சொல்வதில்லை, நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிடுகிறார். அதன் நியாயமான விலை ஐந்நூற்று ஐம்பது. சீட்டில் இன்னும் எண்ணூறு இருக்கிறது.