ரின்ஸி வீட்டு வாசலில் இரண்டாவது பாட்டு

வேண்டாம் என்று சொல்லிவிட்ட பெண்ணின் வீட்டு வாசலில், ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒருவன் எப்படி நிற்க வேண்டும்? அந்த ஜனவரியில் என்னைக் கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. லிண்டோவுக்கும் தெரியவில்லை.

லிண்டோவுக்கு இருபத்திரண்டு வயது. கேரளத்து இரிஞ்ஞாலக்குடாவில் அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறையில் வேலை. ஆனால் ஊருக்கு அவன் டிரம்பெட் லிண்டோ. எங்கள் பங்குக் கோயிலின் பேண்டு செட்டில் பாட்டை எடுத்துக்கொடுப்பவன் அவன்தான். அவன் எதை ஆரம்பிக்கிறானோ அதைத்தான் மற்றவர்கள் பிடிப்பார்கள்.

ஜனவரியில் வரும் அம்புப் பெருநாளில், அம்பெய்து வதைக்கப்பட்ட புனித செபஸ்தியாரின் நினைவாக ஒரு அம்பை வீடு வீடாகக் கொண்டுபோவார்கள். பேண்டும் கூடவே போகும். வீட்டுக்கு ஒரு பாட்டு என்பது வழக்கம். ஏதாவது ஒரு வாசலில் இரண்டாவது பாட்டு கிளம்பினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் அம்பு கோயிலுக்குத் திரும்புவதற்குள் எல்லா மதிலையும் தாண்டிவிடும்.

லிண்டோ செய்த தவறு இதுதான். ரின்ஸியிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்பே, அவள் வீட்டு வாசலில் வாசிக்க ஒரு காதல் பாட்டைப் பேண்டுக்குப் பழக்கிவிட்டான். யாருக்காக என்று அவன் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

ரின்ஸி நர்ஸிங் முடித்துவிட்டு ஜெர்மன் மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். கிறிஸ்துமஸ் கழிந்த வாரம், பேக்கரி வாசலில் பஸ்ஸுக்கு நின்றவளிடம் கேட்டுவிட்டான்.

"லிண்டோ சேட்டா, தப்பா நினைக்காதீங்க," என்றாள் அவள். "எனக்கு அப்படி ஒரு எண்ணமே வந்ததில்ல. இனிமேலும் வராது. சுத்தி வளைச்சுப் பேசி உங்களை அலைய வைக்கக் கூடாதுன்னுதான் இப்பவே சொல்றேன்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். அவளுக்கும் சேர்த்து வாங்கியிருந்த இரண்டு முட்டை பப்ஸையும் அவனே தின்றான். எண்ணெய்க் காகிதத்தை எங்கே போடுவது என்று தெரியாமல் வீடு வரை கையிலேயே வைத்திருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிக்சன் அவனைப் படத்துக்கு இழுத்துப் போனான். டிக்சன் பேண்டில் டிரம் அடிப்பவன்; ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளி. படத்தில் மொபைல் கடைப் பையன் ஒருவன் ஒரு பெண்ணை விரும்பி, படாத பாடு படுகிறான். ஒரு மெசேஜை அடித்து அடித்து அழிக்கிறான். அவள் வரும் நேரம் பார்த்துத் தெருவில் வண்டியைத் துடைக்கிறான். தியேட்டரே சிரித்தது. லிண்டோவும் வயிறு வலிக்கச் சிரித்தான்.

"டேய், இது உன் கதைடா! கேஸ் போட்டா ஜெயிச்சிடலாம்," என்றான் டிக்சன்.

"வாயை மூடிட்டுப் படத்தைப் பாருடா."

இடைவேளைக்குப் பிறகு, அந்தப் பெண் முடியாது என்று சொல்லிவிடுகிறாள். பையன் விடவில்லை. மீன் விற்கும் ஆட்டோவின் மைக்கை வாங்கி, அவள் தெரு முழுக்கத் தன் காதலை அறிவித்துக்கொண்டு போகிறான். விசில் பறந்தது. அப்போது கேமரா அவள் வீட்டுக்குள் போனது. அம்மா ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்துகிறாள். அப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறார். அவள் கட்டிலின் ஓரத்தில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

முன்வரிசைகளில் இன்னும் சிரித்தார்கள். லிண்டோவால் முடியவில்லை. அந்தச் சாத்திய ஜன்னல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் டிக்சன் சொன்னான்: "ஹீரோ கடைசியில விட்டுக்கொடுத்துட்டான், அதான் தோத்தான். நீ விடாதே. பெருநாள் அன்னிக்கு ஊரே நிக்கும்போது நம்ம பாட்டு கேட்டா அவ மனசு உருகிடும். அவ அப்பாவும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"அதான்டா எனக்குப் பயமா இருக்கு," என்றான் லிண்டோ. டிக்சனுக்குப் புரியவில்லை. லிண்டோவுக்கே பாதிதான் புரிந்தது. மீதிப் பாதி, உருகிவிட்டால் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தது.

பெருநாள் வந்தது. அம்பு ரின்ஸி வீட்டுச் சந்துக்குள் திரும்பியபோது கூட்டம் வழக்கத்தைவிட அதிகமாக நெருங்கி வந்தது. சிலர் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். ரின்ஸியின் அப்பா அம்பை வாங்கி உள்ளே கொண்டுபோய், ஜெபித்துவிட்டுத் திரும்பக் கொடுத்தார். ரின்ஸி மெழுகுவர்த்தியோடு படியில் நின்றாள். பேண்டு ஒரு பாட்டை வாசித்து முடித்தது. அவள் நிமிரவில்லை. சுடர் அணையாமல் இருக்க ஒரு கையால் மறைத்திருந்தாள். கண்ணை அந்தச் சுடரிலேயே வைத்திருந்தாள்.

டிக்சன் இரண்டாவது பாட்டுக்கான உருட்டலை ஆரம்பித்துவிட்டான். பின்னால் யாரோ, "ஊதுடா லிண்டோ!" என்று கத்தினார்கள்.

லிண்டோ டிரம்பெட்டை உதட்டில் வைத்தான். பழகிய பாட்டு விரல்களிலேயே இருந்தது. மூச்சை இழுத்தான். பிறகு, பேண்டு ஒரு வீட்டை விட்டுக் கிளம்பும்போது வாசிக்கும் செபஸ்தியார் பாட்டை எடுத்தான். முதல் சுரம் பிசிறடித்தது. கிளாரினெட்காரர்கள் ஒரு கணம் திகைத்துவிட்டுப் பிடித்துக்கொண்டார்கள். வரிசை நகர்ந்தது.

"நாசமாக்கிட்டியேடா," என்றான் டிக்சன், டிரம்மை நிறுத்தாமல். "இனி எந்த மூஞ்சியோட சந்துல நடப்பே?"

"இதே மூஞ்சிதான்டா. வேற இல்லையே."

அடுத்த வீட்டிலும் ஒரு பாட்டுதான். அதற்கடுத்த வீட்டிலும் ஒரு பாட்டுதான். அன்று முழுக்க அவன் கண் யார் முகத்தையும் சந்திக்கவில்லை.

ரின்ஸி அவனுக்கு நன்றி சொல்லவில்லை. கோயிலில் பார்த்தால் மற்ற எல்லோரையும் பார்த்துத் தலையசைப்பது போலவே அவனையும் பார்த்துத் தலையசைத்தாள். ஜூனில் ஜெர்மனிக்குப் போய்விட்டாள். அவனுக்கு வலி உடனே போய்விடவில்லை. பட்டறையில் கண்ணாடியைத் தப்பாக அறுத்து முதலாளியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டான்.

பெருநாள் கழிந்த சில நாட்களில், தியேட்டரில் அந்தப் படம் ஓடிய கடைசி வாரத்தில், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தான். ஆட்டோ காட்சியில் அம்மா, "பாவம் அந்தப் பொண்ணு, எங்க போய் ஒளியும்?" என்றாள். கொஞ்சம் கழித்து, மொபைல் கடைப் பையன் கடையைப் பூட்டிக்கொண்டு தனியாக நடக்கும்போது, "இவனும் பாவம்தான் மோனே," என்றாள். லிண்டோ சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தான்.

ஒரு பெண் சொன்ன பதிலை ஊரைக் கூட்டி மாற்றிவிடலாம் என்று திட்டம் போட்டுக்கொண்டிருக்கும் ஒருவன் உங்களுக்கும் தெரிந்திருக்கலாம். அவனைத் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, இந்தக் கதையை அவனுக்குச் சொல்லுங்கள்.