வெற்றியில் முடியாத சாட்சி

தேயிலை மலைகளுக்கு நடுவே இருக்கும் ஹற்றனுக்கு வந்த புதிதில், சுகம் விசாரிப்பதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது. யாரைக் கேட்டாலும், "கர்த்தர் கிருபையில நல்லா இருக்கோம் டீச்சர்" என்பார்கள். காய்ச்சலில் போர்வையோடு வந்தவரும் அதையேதான் சொல்வார். எங்கள் யாழ்ப்பாணத்திலோ, மகனுக்கு லண்டன் விசா கிடைத்த அன்றுகூட முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு "ஏதோ இருக்கிறம்" என்று சொல்வதுதான் மரியாதை. நன்றாக இருக்கிறோம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் கண்ணூறு பட்டுவிடும், இல்லையென்றால் கோயில் மதில் கட்ட நன்கொடை கேட்டு ஆள் வந்துவிடும். கணவருக்கு இங்குள்ள வங்கிக்கு மாற்றம் கிடைத்ததால் வந்தவள் நான். கனடாவில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் 'புலம்பெயர்ந்தவர்கள்'. நான் மட்டும் 'மலைப்பக்கம் போனவள்'. ரொறன்ரோவின் தெருக்களெல்லாம் அத்துப்படியான என் சித்திக்கு, ஹற்றன் எந்தத் திசையில் இருக்கிறது என்று இன்றுவரை தெரியாது.

டிக்கோயாப் பக்கம் நாங்கள் போகும் சிறிய சபையில், ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களுக்கு உளவியல் அறிமுகம் சொல்லிக் கொடுக்கும்படி கேட்டார்கள். பல்கலைக்கழகத்தில் நான் அதைப் படித்திருந்தேன்; அதற்காகவே வந்த நாளிலிருந்து நான் அவர்களுக்கு 'டீச்சர்'. பாஸ்டருக்குப் பாதி ஆசை, பாதிப் பயம். "ஆத்துமாவ விட்டுட்டு மனச மட்டும் படிக்கிற படிப்புன்னு சொல்றாங்களே டீச்சர், பிசாசு கிசாசு உள்ள வந்துறாதே?" என்றார். அவர் பயத்தில் நியாயமும் இருந்தது. ஆதியில் இது ஆன்மாவைப் பற்றிய படிப்புத்தான். ஜெர்மனியில் இதற்கென்று ஆய்வுகூடம் கட்டியவர்கள், ஆன்மாவைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்கள். வெளியே வரும்போது மாட்டிக்கொள்ள மறந்துவிட்டார்கள். ஆனாலும் மனதைப் படைத்தவர் கடவுள் என்றால், அதை உற்றுப் பார்ப்பது பாவமாகாது என்பது என் கட்சி. பாஸ்டர் ஜெபம் பண்ணிவிட்டுச் சம்மதித்தார்.

சனிக்கிழமை வகுப்பில் நடத்தைவாதத்தை விளக்க ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காதே, வெளியே என்ன செய்கிறான் என்று மட்டும் அளந்து பார் என்கிற சிந்தனைப் பள்ளி அது. அமெரிக்காவில் யாரோ இதைக் கண்டுபிடிக்க முன்னரே தோட்டத்துரைமார் இதில் கரைகண்டவர்கள்; கொழுந்தைத் தராசில் நிறுத்தார்களே தவிர, பறித்தவளின் மனதை ஒருநாளும் கேட்டதில்லை. மனம் எதனால் ஆனது என்பதைவிட எதற்குப் பயன்படுகிறது என்று கேட்ட பள்ளியும் அவர்களுக்குச் சட்டென்று பிடிபட்டது. வியன்னா வைத்தியரின் முறைதான் இடறியது. நோயாளி தனியறையில் சாய்ந்து படுத்து, மனதில் வருவதையெல்லாம் சொல்லவேண்டும். தோட்டத்து வரிசைவீடான லயத்தில், ஏழுபேர் படுக்கும் ஒரே அறையில் இவர்கள் எங்கே போய்ச் சாய்வது? பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே தண்ணீர் கொடுக்கிற வாழ்க்கை இது.

மிச்சம் இருந்தது, எல்லாவற்றுக்கும் முந்திய பள்ளியின் உள்நோக்கல் பயிற்சி. "உள்ளுக்குள்ள என்ன நடக்குது எண்டு பாத்து, அதை மட்டும் அப்பிடியே சொல்லுங்கோ" என்றேன். வகுப்பு கண்ணை மூடியது. முதலில் எழுந்தவர், தேயிலைக்குள் சிறுத்தையைக் கண்டு நடுங்கியதை அருமையாகச் சொல்லிக்கொண்டே வந்து, "ஆனா ஆண்டவரு எனக்கு ஜெயம் குடுத்தாரு!" என்று முடித்தார். வகுப்பே அல்லேலூயா என்றது. அடுத்தவருக்குப் பல்வலி, அதற்கும் ஜெயம். நான் கேட்டது ஆய்வு, அவர்கள் தந்தது சாட்சி. சபையில் எழுந்து நின்று பேசினால் வெற்றியில்தான் முடிக்கவேண்டும் என்பது அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. வெற்றி தேவையில்லை என்று நான் சொன்னபோது என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

கடைசியாக எழுந்தவர் செல்வராணி. கொழுந்து பறிப்பவர், சபையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர்.

"நானும் தங்கச்சியும் ஒரே தேயில நெரையில நின்னோம். குளவி கலைஞ்சு வந்துச்சு. எல்லாரும் ஓடுனோம், அவ விழுந்துட்டா, பொழைக்கல. அந்தக் குளவிச் சத்தம் இன்னும் காதுக்குள்ளயே இருக்குங்க. ஏன்னு ஆண்டவருகிட்ட கேக்குறேன். அவரு ஒண்ணும் சொல்லல."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். வகுப்பு ஜெயத்துக்காகக் காத்திருந்தது. அது வரவில்லை. பிறகு செல்வராணியே என்னைப் பார்த்து, "உங்களுக்கு உள்ள என்னா இருக்கு டீச்சர்?" என்று கேட்டார். போரின் கடைசி மாதங்களில் காணாமல் போன என் தம்பி ஜெயசீலன் தொண்டைவரை வந்தான். "நேரம் போகுது, அடுத்த பாடத்தைப் பாப்பம்" என்று திரும்பி, பலகையில் ஒருபக்கம் விடுபட்ட வட்டம் ஒன்றைக் கீறினேன். என்ன இது என்றேன். எல்லோரும் வட்டம் என்றார்கள். திறந்து கிடப்பதை மனம் தானே மூடிக்கொள்ளும் என்கிற பள்ளியின் பாடம் அது. பாடம் பலித்ததில் எனக்கு வெட்கமில்லாத சந்தோசம்.

செய்தி பாஸ்டருக்குப் போயிற்று. செல்வராணி ஞாயிற்றுக்கிழமை முழுச் சபைக்கும் முன்னால் சாட்சியை ஜெயத்தோடு முழுசாகச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகளை வேறு ஆளிடம் கொடுக்கவேண்டியதுதான் என்றார். பிள்ளைகளோடு இருக்கிற அந்த ஒரு மணித்தியாலம்தான் தன் காது சும்மா இருக்கிறது என்று செல்வராணி என்னிடம் அழுதார். நான் பாஸ்டரிடம் போய், விடியாமலே முடிகிற சங்கீதமும் இருக்கிறதே என்று வாதாடினேன். "அது வேற டீச்சர், அது பைபிள்ல இருக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை செல்வராணி முன்னால் போய் நின்றார். வகுப்பில் சொன்னதையே சொன்னார். "அடுத்த கெழமையும் கேப்பேன்" என்பதை மட்டும் சேர்த்துக்கொண்டு இறங்கினார். அல்லேலூயாவுக்குத் திறந்த பாஸ்டரின் வாய் அப்படியே நின்றது. சுற்றிப் பார்த்து என்னைப் பிடித்தார். "டீச்சர், நீங்க ஜெபம் பண்ணி முடிச்சு வைங்க."

முடித்து வைக்கத்தான் எழுந்தேன். "ஆண்டவரே, செல்வராணியின்ர தங்கச்சியை..." என்று தொடங்கி, "என்ர தம்பி ஜெயசீலன் எங்க எண்டு எங்களுக்குத் தெரியேல்லை. நீரும் சொல்லேல்லை" என்று வந்துவிட்டது. என் யாழ்ப்பாணப் பேச்சுக்கு எப்போதும் வாயைப் பொத்திச் சிரிக்கும் பெண்கள் அன்று சிரிக்கவில்லை. ஆமென் சொல்லாமலே உட்கார்ந்தேன். பாஸ்டர் நேரே அறிவித்தலுக்கு வந்து, "சின்னப் பிள்ளைங்க வகுப்பு வழமபோல ஒம்போது மணிக்கு. செல்வராணி அக்கா எடுப்பாங்க" என்றார்.

இப்போது புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில், அவனை ஒருநாளும் கண்டிராத பெண்கள் ஜெயசீலன் பெயரைச் சொல்லி அழுகிறார்கள். பஸ்ஸில் கண்டால் "தம்பியப் பத்தித் தகவல் ஏதும் வந்துச்சா டீச்சர்?" என்று விசாரிக்கிறார்கள். ஊரில் எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் எடுக்கக்கூடாது. எடுத்தால் யாராவது அவனைச் செத்தவனாக்கிப் பேசிவிடுவார்கள் என்று அம்மாவுக்குப் பயம். அதனால் அம்மாவைப் பார்க்கப் போகும்போதெல்லாம், தம்பியை ஹற்றனில் விட்டுவிட்டுத்தான் யாழ்ப்பாணத்து பஸ் ஏறுகிறேன்.