மாமியார் ஜாக்கெட்டில் நின்ற மாலை

என் மாமியாரை நான் பார்த்ததே இல்லை. நான் மருமகளாகச் சூரமங்கலத்துக்கு வருவதற்குப் பத்து மாதம் முன்பே அவர் காலமாகிவிட்டார். சமைத்துப் போட ஒரு பெண் வேண்டும் என்ற அவசரத்தில்தான் எங்கள் கல்யாணமே நடந்தது என்று திருச்செங்கோட்டில் என் அம்மா சொல்லிக்கொண்டிருப்பாள். அதில் பொய்யில்லை. ஆசிரியப் பயிற்சி முடித்துச் சான்றிதழோடு ஊர் திரும்பிய அதே மாதம் எனக்குக் கல்யாண ஓலை வாசித்து, அடுத்த மாதம் மாதா கோயிலில் மோதிரம் மாற்றிவிட்டார்கள். சான்றிதழ் என் டிரங்குப் பெட்டியில் கல்யாணச் சேலைக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். மாமனார் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். என் கணவர் ஜங்ஷன் பக்கத்து ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா. மாமனார் நல்லவர். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. உயர்த்தத் தேவையும் இருக்கவில்லை. அந்த வீட்டில் ஒவ்வொரு சாமானும் மாமியார் வைத்த இடத்தில்தான் இருக்க வேண்டும். உப்பு ஜாடி அடுப்புக்கு இடப்பக்கம். நான் கைவாட்டத்துக்கு வலப்பக்கம் வைத்தால், சாயங்காலத்துக்குள் அது இடப்பக்கம் போயிருக்கும். மாமா எதுவும் சொல்ல மாட்டார். நானும் கேட்க மாட்டேன். இரண்டு வருஷத்தில் அந்த ஜாடி எத்தனை முறை இப்படி இடம் மாறியிருக்கும் என்று தெரியாது. ஒரு நாள் நானே இடப்பக்கம் வைக்கத் தொடங்கிவிட்டதைக் கவனித்தேன். அன்றைக்குத்தான் எனக்கு முதல்முறையாக மூச்சு முட்டியது.

மறுவாரமே யாருக்கும் தெரியாமல் ஒரு விண்ணப்பம் எழுதினேன். டவுனில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளிக்கு நான்காம் வகுப்பு ஆசிரியை தேவை என்று ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலில் அறிவித்திருந்தார்கள். பதில் வந்தது. சனிக்கிழமை மூன்று மணிக்கு நேரில் வரச் சொல்லித் தலைமை மதர் கைப்பட எழுதியிருந்தார். தபால்காரர் வரும் நேரம் மாமா தூங்கும் நேரமாக இருந்தது என் அதிர்ஷ்டம்.

துரதிர்ஷ்டம், அதே சனிக்கிழமைதான் மாமாவுக்கு அறுபது வயது நிறைந்தது.

கணவரின் அக்கா பத்து நாள் முன்னதாகவே பெங்களூரிலிருந்து வந்து இறங்கினார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். கலகலப்பான மனுஷி. வந்த அன்றே கூடத்தின் நடுவில் நின்று சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அப்பா கல்யாணம் பண்ணப்போ வீடு எப்படி இருந்துச்சோ, பொறந்தநாள் அன்னிக்கி அப்படியே இருக்கணும். பெங்களூர்ல எங்க பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவருக்கு இப்படித்தான் பண்ணாங்க. வர்றவங்க எல்லாரும் தாத்தா காலத்து உடுப்புல வந்தாங்க. பார்க்கக் கண்ணு பத்தல."

மாமா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

அதற்குப் பிறகு வீட்டில் எனக்கு நிற்க இடமில்லை. ரேடியோவைப் போர்வை போட்டு மூடினோம். மின்விளக்குகளின் பல்பைக் கழற்றிவிட்டு அரிக்கேன் விளக்குகளைச் சாம்பல் போட்டுத் துலக்கினேன். ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வீட்டிலிருந்து பெரிய புனல் வைத்த கிராமபோன் இரவலாக வந்தது. பரணிலிருந்து பித்தளைக் கூஜாக்களும் எனாமல் தட்டுகளும் இறங்கின. அழைப்புக் கடிதம் ஒவ்வொன்றையும் அண்ணி கையால் எழுதி, அடியில் 'பழங்காலத்து உடையில் வருமாறு வேண்டுகிறோம்' என்று கோடிட்டார். பங்குச் சாமியாருக்கும் ஒன்று போயிற்று. சாமியார் வந்தால் பள்ளி நடத்தும் மடத்துச் சகோதரிகளும் வருவார்கள் என்பது அப்போது என் மூளையில் ஏறவில்லை.

என் கணவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

"மூணு மணிக்குப் போயிட்டு நாலு, நாலரைக்கு வந்துர்றனுங்க. சமையலை ஒரு மணிக்கே முடிச்சுப் போடறன்."

"அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ."

"நீங்க சொல்லுங்களேன்."

அவர் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். "விருந்து முடியட்டுமே. அடுத்த வாரம் போனாப் போச்சு" என்றார். கெட்டவர் இல்லை. அப்பா எதிரில் நின்று பேசிப் பழக்கமில்லாதவர்.

சனிக்கிழமை சொன்னபடி ஒரு மணிக்குக் கறிக்குழம்பும் தேங்காய்ப்பால் பாயசமும் இறக்கி வைத்துவிட்டேன். ஒன்றரைக்கு முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அண்ணி உள்ளறையிலிருந்து கூப்பிட்டார். கட்டிலில் ஒரு பழம்புடவை விரிந்து கிடந்தது. அருகில் கழுத்து வரை ஏறிய, கைப்பகுதி உப்பலாகச் சுருக்கு வைத்துத் தைத்த ஓர் ஊதா ஜாக்கெட். கழுத்தோரம் லேஸ் மஞ்சளேறியிருந்தது.

"அம்மாவோடது. கல்யாணக் கூறைக்கு மறுநாள் கட்டினது. நீ போட்டுக்கோ."

"நானுங்களா?"

"பின்னே நானா? என் உடம்புக்கு இது கைகூட நுழையாது. நீதான் இந்த வீட்டுப் பொண்ணு. வர்றவங்களை வாசல்ல நின்னு கூப்பிடணும்ல."

ஜாக்கெட் எனக்கும் சின்னதுதான். முதுகுப் பக்கம் கொக்கிகள் எட்டவில்லை, நான்கு விரல் இடைவெளி. அண்ணி சளைக்கவில்லை. அதே நிறத்தில் ஒரு துணியைக் கிழித்து இடையில் வைத்து, என் உடம்போடு சேர்த்தே தைக்கத் தொடங்கினார்.

"அசையாதே. ஊசி குத்திடும்."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூடத்துக் கடிகாரம் இரண்டு அடித்தது. ஜன்னலுக்கு வெளியே டவுன் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அதில்தான் நான் ஏறியிருக்க வேண்டும். கண்டக்டர் இரண்டு முறை விசிலடித்தார். ஒவ்வொரு தையலுக்கும் மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பஸ் புறப்பட்டுப் போயிற்று.

அடுத்த பஸ் இரண்டே முக்காலுக்கு. தைரியத்தை வரவழைத்துக்கொண்டேன்.

"அண்ணி, மூணு மணிக்கு நான் ஒரு எடத்துக்குப் போவோணுமுங்க."

"எங்கே?"

பள்ளிக்கூடம் என்று சொல்லியிருக்கலாம். ஏழெழுத்து வார்த்தை வேண்டாம், 'ஸ்கூல்' என்று சொல்லியிருந்தாலும் போதும். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் மாமாவின் செருப்புச் சத்தம் கேட்டது.

"கோயிலுக்குங்க" என்றேன்.

அண்ணி வாயிலிருந்த நூலைக் கடித்து அறுத்துவிட்டுச் சிரித்தார். "சாமியாரே இங்க வர்றாரு. உனக்குக் கோயில் எதுக்கு?"

என் பொய்யே எனக்குத் தாழ்ப்பாள் ஆயிற்று. இரண்டே முக்கால் பஸ்ஸும் போயிற்று.

ஐந்து மணிக்கு என்னைக் கூடத்துக்குக் கூட்டி வந்தார்கள். முதுகில் தையல், கழுத்தில் லேஸ், கொண்டையில் பழைய மாதிரி வெள்ளி ஊசி. மாமா கறுப்புக் கோட்டும் சரிகைத் தலைப்பாகையும் அணிந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பாதி எழுந்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"கதவுக்கு வலப்பக்கம் நில்லும்மா. அங்கதான் அவ நிப்பா."

நின்றேன். விருந்தினர் வரத் தொடங்கினார்கள். அந்துருண்டை வாசம் வீசும் கோட்டுகள், நெஞ்சில் சங்கிலி தொங்கும் பைக்கடிகாரங்கள், பெட்டியின் அடியிலிருந்து கிளம்பி வந்த மடிப்புக் கலையாத சேலைகள். ஓர் ஓய்வு பெற்ற இன்ஜின் டிரைவர் தன் அப்பாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து, அது காதுவரை இறங்கிவிட்டதால் வழி தெரியாமல் தூணில் இடித்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது மிகச் சந்தோஷமான வீடு. ஆனால் படியேறிய ஒவ்வொருவரும் என்னைக் கண்டதும் ஒரு கணம் நின்றார்கள். "அப்படியே அவங்களேதான்" என்றார்கள். ஒரு வயதான அம்மாள் என் கன்னத்தைத் தடவி அழுதாள். இரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் கோயிலில் எனக்குப் பக்கத்தில் முழங்கால் போடுகிற அம்மாள்தான். அன்றுவரை அவள் என்னை நிமிர்ந்து பார்த்ததாகவே எனக்கு நினைவில்லை.

சாமியாரோடு இரண்டு சகோதரிகள் வந்தார்கள். முன்னால் வந்தவர் தலைமை மதர். நான் யார் என்று அண்ணி சொல்லி அறிமுகப்படுத்தினார். மதர் என் பெயரைக் கேட்டதும் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானே நான்காம் வகுப்பு வேலைக்கு எழுதியிருந்தாய்? மூன்று மணியிலிருந்து நான்கு மணி வரை உனக்காகக் காத்திருந்தோம், மகளே. அப்புறம் வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டோம்."

அவருடைய குரல் வகுப்பறைக் குரல். கடைசி பெஞ்சு வரை கேட்கும். கிராமபோனில் அந்த நேரம் பார்த்து இசைத்தட்டு முடிந்து, ஊசி வெறுமனே கரகரத்துக்கொண்டிருந்தது. கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என் கணவர் கூஜாவைக் கையில் பிடித்தபடி நின்றார்.

மாமா நாற்காலியிலிருந்து கேட்டார். "வேலைக்கா? இந்த வீட்ல உனக்கு என்னம்மா குறை?"

அதட்டிக் கேட்டிருந்தால் ஒருவேளை எனக்கு ரோஷம் வந்திருக்கும். அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். முகம் வாடியிருந்தது. அறுபதாவது பிறந்த நாளில், ஊர் கூடியிருக்கும்போது, தன் வீட்டில் ஏதோ குறை இருப்பதாகக் கேள்விப்பட்ட கிழவர். எல்லோரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். மூச்சை இழுத்தால் முதுகில் நூல் அறுத்தது.

"ஒரு கொறையும் இல்லீங்க மாமா" என்றேன்.

"அப்படியானால் சரி" என்றார் மதர், சாந்தமாக. தட்டிலிருந்து ஓர் அதிரசத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

இத்தனை வருஷம் கழித்தும் அந்த மாலையில் எனக்குப் பொறுக்காதது ஜாக்கெட் அல்ல. அந்தப் பதில்தான். யாரும் என் வாயில் திணிக்கவில்லை. நானே சொன்னேன்.

கேக் வெட்டினார்கள். சாமியார் ஜெபம் சொன்னார். போட்டோ எடுக்க ஆள் வந்திருந்தார். மாமாவின் கல்யாணப் படத்தில் இருந்ததைப் போலவே நாற்காலிக்குப் பின்னால் என்னை நிறுத்தி, நாற்காலி முதுகில் கை வைக்கச் சொன்னார்கள். "சிரிக்க வேணாம், அந்தக் காலத்துல சிரிக்க மாட்டாங்க" என்றார் போட்டோக்காரர். அந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை.

பந்தி முடிந்து கடைசி விருந்தினர் போனதும் அண்ணி என்னை உள்ளறைக்கு அழைத்துப் போய்ப் பிளேடால் தையலைப் பிரித்தார். பின்னாலிருந்து ஒரு கேள்வி வந்தது.

"கோயிலுக்குன்னு சொன்னியே. இதுக்குத்தானா?"

"ஆமாங்க."

கை நின்றது. திரும்பிப் பார்த்தேன். அண்ணி அழுதுகொண்டிருந்தார். "அம்மா போனப்போ நான் பெங்களூர்ல பிரசவ ஆஸ்பத்திரியில கெடந்தேன். சவப்பெட்டியை மூடினதுக்கு அப்புறம்கூட வந்து சேர முடியல. ஒரே ஒரு தரம் அம்மா அந்தக் கதவுகிட்ட நிக்கிற மாதிரி பார்க்கணும்னு இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல." என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அந்தப் பழந்துணி நனைந்தது. எனக்குக் கோபம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. அழுகிறவளைத் தள்ளிவிட முடியுமா? தலையைத் தடவிக்கொடுத்தேன். மாமியார் இருந்திருந்தால் செய்திருப்பதைத்தான் அப்போதும் செய்துகொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

அழுகை ஓய்ந்ததும் கேட்டேன். "பள்ளிக்கூடம்னு சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா அண்ணி?"

மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "மாட்டேன்" என்றார். இன்றும் அந்த நேர்மைக்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

திங்கட்கிழமை மதியம், மாமா தூங்கும் நேரத்தில் பஸ் ஏறி டவுனுக்குப் போனேன். மதர் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"மதர், சனிக்கிழமை நான் சொன்னது பொய்யிங்க. கொறை இருக்குதுங்க."

"என்ன குறை?"

விளக்கத் தெரியவில்லை. உப்பு ஜாடியைப் பற்றி ஒரு துறவியிடம் எப்படிச் சொல்வது? "பாடம் சொல்லிக் குடுக்கோணுமுங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "உன் மாமனாரின் முகத்தை நான் பார்த்தேன். இனி இடம் காலியானால் உனக்குச் சொல்லி அனுப்புகிறேன். ஆனால் விண்ணப்பத்தில் அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்."

பூட்டைத் திறக்கச் சொல்லப் போனவளுக்கு இரண்டாவது பூட்டும் விழுந்தது. பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அன்று சாயங்காலம் காபி கொடுக்கும்போது மாமாவிடம் நானே சொன்னேன். பள்ளிக்கூடம் போய் வந்ததையும், அவருடைய கையெழுத்து வேண்டும் என்பதையும். அவர் காபியைக் குடித்து முடித்தார். டம்ளரை வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அடுத்த மாதம் முதல் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மறுபடி கேட்டேன். அவர் பத்திரிகையை எடுத்து விரித்துக்கொண்டார். அதற்கடுத்த மாதமும் கேட்டேன். இப்படிப் பதினான்கு மாதம். இடையில் ஒரு முறை என் கணவர் தொண்டையைக் கனைத்து, "அப்பா, அவ கேக்கறதுல தப்பு ஒண்ணும் இல்லியே" என்றார். பாதியில் குரல் கம்மிவிட்டது. ஆனாலும் சொன்னார்.

மாமா ஏன் கடைசியில் இறங்கி வந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டாவது கோடை விடுமுறை முடியும் தறுவாயில் பள்ளியிலிருந்து ஆள் வந்து, ஓர் இடம் காலியாகியிருப்பதாகச் சொன்னார். நான் எழுதிய விண்ணப்பத்தை அவர் மேஜைமேல் வைத்தேன். மறுநாள் காலையில் அது மடிக்கப்பட்டு, அடியில் கோணலான ஆங்கிலக் கையெழுத்தோடு, சமையலறை அலமாரியில் இருந்தது.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. முதல் நாள் வகுப்பு முடிந்து, தொண்டை கட்டிப்போய், கால் வலியோடு வீடு வந்தேன். மாமா பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றியதும் கேட்டார்.

"எத்தனை பிள்ளைங்க?"

"நாப்பத்திரண்டுங்க மாமா."

"பெரிய வகுப்புதான்" என்றார். பத்திரிகையின் பக்கத்தைத் திருப்பினார்.