முன்கூடத்தில் வந்து விழுந்த கிளிகள்

ஏழு தாள்கள், ஏழிலும் ஒரே கிளி. பிள்ளையார்பாளையத்து வீட்டு முன்கூடத்துப் பிரிண்டரிலிருந்து அவை வரிசையாக வந்து விழுந்த காலைதான், என் ஓரகத்தியை நினைக்கும்போதெல்லாம் முதலில் நினைவுக்கு வருகிறது.

என் கணவரின் அண்ணன் மனைவி அவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். முன்கூடத்தில் யார் இருந்தாலும் அவர் பேசுவார். யார் இருந்தாலும் நான் பேசமாட்டேன். அவருடைய கம்ப்யூட்டரும் பிரிண்டரும் அங்கே, புடவை எடுக்க வருகிறவர்கள் உட்காரும் இடத்தில் இருந்தன. அதில் விண்டோஸ். உள்ளறையில் இருந்த என்னுடையது பழையதாக வாங்கியது. விற்றவர் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தார். அதில்தான் புடவைக் கரைக்காக ஒரு கிளியைக் கட்டம் கட்டமாக வரைந்திருந்தேன். அதை நெய்ய வேண்டுமானால் தாளில் எடுக்க வேண்டும். தாளில் எடுக்க முன்கூடத்துக்குப் போக வேண்டும். நான்கு மாதமாகக் கிளி கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடந்தது.

விஷயம் தெரிந்ததும் அக்கா இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவே ஒயர் இழுத்தார். ஆனால் அவருடையது என்னுடையதைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. அனுமதி இல்லை, அனுமதி இல்லை என்றே வந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இதிலேயே போயின. "ரெண்டும் ஒரே வீட்லதான இருக்குதுங்க, பேசிக்கினு இருந்தா என்னவாம்" என்று திட்டிக்கொண்டே தேடினார். கடைசியில் பார்த்தால், அவருடைய கம்ப்யூட்டருக்குக் கடவுச்சொல்லே கிடையாது. ஒன்று வைத்து, அதை என்னுடையதிலும் கொடுத்ததும் சோதனைத் தாள் வந்தது.

மறுநாள் காலை, அடுப்பில் உலை வைத்துவிட்டுக் கிளியை அனுப்பினேன். வரவில்லை. ஏழு தடவை அனுப்பினேன். அக்காவின் கம்ப்யூட்டரை இன்னும் போடவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அனுப்பியதெல்லாம் என்னுடையதிலேயே காத்திருக்கும் என்பதும் தெரியாது. பத்து மணிக்குச் சின்ன காஞ்சிபுரத்துப் புடவைக்கடைக்காரர் வந்து உட்கார, அக்கா கம்ப்யூட்டரைப் போட்டார். கிளிகள் வரத் தொடங்கின.

"யாருதும்மா இது?" என்றார் கடைக்காரர்.

"எங்க சின்னவ போட்டது. உள்ள இருக்குது, வெளிய வராது. சத்தமா சொல்லுங்க, காது நல்லா கேக்கும்."

கதவுக்குப் பின்னால் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைக்காரரும் நிஜமாகவே குரலை உயர்த்தினார். "வாலு நீளம்மா. மடிப்புல மாட்டிக்கும். ரெண்டு கட்டம் கொறைங்க." குறைத்து அனுப்பினேன். "மூக்க கொஞ்சம் வளைங்க." வளைத்து அனுப்பினேன். அதுவரை வெளி ஆள் ஒருவரோடு நான் அவ்வளவு பேசியதே இல்லை.

"நாலு புடவைக்குப் போடலாமாம்மா?" என்று கேட்டார். 'சரி' என்பதையும் கட்டங்களிலேயே வரைந்து அனுப்பினேன். தாள் வரும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

"பேப்பர் தீந்துடுச்சிமா," என்றார் அக்கா. "இத வாயால சொல்லிடு."

இப்போது செல்போனிலிருந்தே பிரிண்ட் எடுக்கிறோம். கடைக்காரர்கள் வந்தால் நான்தான் முன்கூடத்தில் உட்கார்ந்து பேசுகிறேன். அன்றைக்குக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "சரிங்க" என்று சொன்ன பிறகுதான் பார்த்தேன். பிரிண்டரிலிருந்து உருவிய வெள்ளைத் தாள் அத்தனையும் அக்காவின் மடியில் இருந்தது.