வெர்னா வைத்த இரண்டு பெட்டிகள்

வெர்னா ஹேக்ஸ்டாட் எங்கள் மாவட்டத்தில் முப்பத்தொரு ஆண்டு சுகாதாரச் செவிலியாக இருந்தவர். மினசோட்டாவின் வடக்கே, பனி கொட்டும் நாளிலும் வீடு வீடாகப் போய்த் தடுப்பூசி போட்டார். பிறப்பு இறப்புப் பதிவாளரான என்னிடம் அவர் கொடுத்த விவரங்களில் ஒரு தேதிகூடப் பிழையில்லை. ஆனாலும் அவரை நினைத்தால் முதலில் வருவது 1979 அக்டோபர் 11, வியாழன், பிற்பகல் 3.40.

அதற்கு முந்தைய சனிக்கிழமை தேவாலயத்தில் அறுவடை விருந்து. ஆளுக்கொன்றாகச் சமைத்து வந்தது பதினொரு பதார்த்தம். சாப்பிட்ட 112 பேரில் 41 பேருக்கு வாந்தி. மறுநாள் பிரார்த்தனை முடிவதற்குள் ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது: போர்கில்ட் ட்வைட்டின் முட்டை சாலட்தான். அதைச் செய்தவர் கல்போல நடமாடினாரே, வேறென்ன சாட்சி வேண்டும்? வரும் சனிக்கிழமைக் கல்யாண விருந்துக்கு அவர் தேவாலயச் சமையலறைப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். நாற்பது ஆண்டு அந்த அடுப்பருகே நின்றவர் போர்கில்ட். வெர்னாவுக்குப் பொறுக்கவில்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து நோய்ப்பரவலை ஆராயும் டாக்டர் ஐலீன் ரோத் வந்து, எல்லாரிடமும் படிவம் வாங்கினார். நோயுற்றவர்களும் மற்றவர்களும் தின்றதை ஒப்பிட்டால் குற்றவாளிப் பதார்த்தம் தனியே தெரியவேண்டும். தெரியவில்லை. எல்லாரும் எல்லாவற்றையும் தின்றதாக எழுதியிருந்தார்கள். டாக்டர் தலையில் கைவைத்தார். வெர்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பக்கத்து வீட்டுக்காரி செஞ்சதைத் தொடலன்னு இந்த ஊர்ல யாரு டாக்டர் பேர் போட்டு எழுதுவாங்க? வாந்தி எடுத்துக்கிட்டே 'நல்லா இருந்துச்சு'ம்பாங்க."

மறுநாள் தபால் நிலையத்தில் இரண்டு அட்டைப்பெட்டிகளை வைத்தார். பதினொரு பதார்த்தமும் எழுதிய, பெயரில்லாத சீட்டில் தாம் தொடாத பதார்த்தத்தை மட்டும் அடித்துவிட்டு, நோயுற்றவர் ஒன்றிலும் மற்றவர் இன்னொன்றிலும் போடவேண்டும். வியாழன் மதியத்துக்குள் 112 சீட்டும் வந்து சேர்ந்தன.

நான் வாசித்தேன், டாக்டர் கோடு போட்டார், வெர்னா உட்காரவே இல்லை. முட்டை சாலட்டைத் தொடாதவர், நோயுற்றவரில் 12, மற்றவரில் 19. பெரிய வித்தியாசமில்லை. வெர்னா மேசையில் தாளம் போட்டார். அடுத்து ஒரு வரிசை கிடுகிடுவென நீண்டது. பன்றிக்கறி சாலட்டைத் தொடாதவர், நோயுற்றவரில் 2, மற்றவரில் 58. டாக்டர் எழுந்தே விட்டார். இவ்வளவு பளிச்சென்ற கணக்கை நான் அதுவரை பார்த்ததில்லை.

செய்தது யார் என்று டாக்டர் கேட்டார்.

வெர்னா தன் கட்டைவிரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். அந்தக் கறியை நறுக்கிய அன்றே அந்த வெட்டு சீழ் வைத்திருந்தது; கிருமி அதிலிருந்துதான் கறிக்குப் போயிருந்தது. "நான்தான்," என்றார்.

அறிக்கையில் யார் பெயரும் வராது என்றார் டாக்டர்.

"அறிக்கையில வேணாம் டாக்டர். ஊர் வாயில ஏற்கெனவே ஒரு பேர் இருக்கு. அதை எடுத்துட்டு என் பேரைப் போடணும்."

அட்டவணையோடு நேரே போர்கில்ட் வீட்டுக்குப் போனார். நானும் உடன் போனேன். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொல்லி, மன்னிப்பும் கேட்டார். போர்கில்ட் நிதானமாகக் காபி ஊற்றினார்.

"அந்த அம்பத்தெட்டுல ஒண்ணு என் சீட்டு. இருபது வருஷமா உன் பன்றிக்கறியை நான் தொட்டதே இல்ல வெர்னா. சொல்லத்தான் மனசு வரல."

வெர்னா சிரித்த சிரிப்பில் காபி மேசையெல்லாம் சிந்தியது. அன்று மாலையே அவர் தேவாலயப் பெண்களைக் கூட்டி விஷயத்தைச் சொன்னார். சனிக்கிழமை போர்கில்ட் தன் அடுப்பருகே நின்றார். முட்டை சாலட்டை வெர்னா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார், நான் பார்த்தேன்.