ஆமாம் என்று சொல்வதற்கு முன்

தோஹாவின் நஜ்மா பகுதியில் கௌஸ் முகைதீனுக்குப் பயணப்பெட்டிகளும் கம்பளிகளும் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. ஊருக்கு லீவில் போகிறவர்கள் கடைசி நேரத்தில் ஓடிவந்து வாங்கிப்போகும் கடை. அதன் பின்னறையில் வெள்ளிக்கிழமை காலைகளில் அவருடைய மனைவி ஷம்சியா ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிறார். கட்டணம் கிடையாது. உட்கார நாற்காலியும் கிடையாது. மாணவர்கள் கம்பளிக் கட்டுகள்மேல் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

ஷம்சியா கீழக்கரைக்காரர். சென்னையில் கல்லூரிக்குப் போகும்போது ஜப்பானியம் படித்தார். பிறகு ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளர் வேலை. திருமணமாகி கத்தாருக்கு வந்ததும் அந்த மொழிக்கு வேலையில்லாமல் போயிற்று. பல வருடங்கள் அது சமையலறையில் அவர் தனக்குத்தானே முணுமுணுக்கும் மொழியாக மட்டுமே இருந்தது. ஜப்பானுக்கு வேலைக்குப் போகும் ஆசையில் கைப்பேசியில் தனியாகப் படித்துக்கொண்டிருந்த தில் பகதூர் என்ற நேபாளி ஒருநாள் பெட்டி வாங்க வந்தார். விலை பேசுவதற்கு நடுவே அவர் ஒரு வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்க்க, கல்லாவுக்குப் பின்னால் இருந்து ஷம்சியா அதைத் திருத்தினார். அடுத்த வாரம் தில் பகதூர் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்தார். வகுப்பு அப்படித்தான் தொடங்கியது.

இப்போது வருகிறவர்களில் நேபாளிகள் உண்டு, தமிழர்கள் உண்டு, மரிசெல் என்ற பிலிப்பைன்ஸ் பெண் உண்டு. கொஞ்சம் இந்தி, கொஞ்சம் ஆங்கிலம் என்று பாடம் நடக்கும். தொழிலாளர் கேம்ப்களில் இவர்களைப் போன்றவர்கள் வருடக்கணக்கில் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் படுத்திருப்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் பெயர் தெரியாது. அவரவர் சமையல், அவரவர் சேனல். பல நாட்டவர் ஒற்றுமையாக வாழ்கிறார்கள் என்று இதைத்தான் பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். சண்டை இல்லை என்பது உண்மை. அதற்குமேல் ஒன்றும் இல்லை என்பதும் உண்மை. ஷம்சியாவின் பின்னறையில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே எல்லாருமே ஒரே அளவுக்கு ஊமைகள். அதனால் ஒருவரைப் பார்த்து ஒருவர் வெட்கப்படவில்லை.

வேலுச்சாமி கமுதிப் பக்கத்து ஆள். ராஸ் லஃபான் எரிவாயு ஆலைப் பகுதியில் ஒரு துணை ஒப்பந்த நிறுவனத்தில் சாரம் கட்டும் வேலை செய்தார். அந்த வேலை முடியப்போகிறது, அதோடு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஊரில் அவருக்கு வேலை எதுவும் இல்லை. ஜப்பானில் ஒரு கட்டுமான நிறுவனம் சாரம் கட்டத் தெரிந்த ஆட்களைத் தேடியது. மொழித் தேர்வில் வேலுச்சாமி தேறியிருந்தார். ஆனால் காணொளி நேர்முகத்தில் தோற்றுவிட்டார். இன்னும் ஒரு வாய்ப்பு மட்டும் தருவதாக அந்த நிறுவனம் சொல்லியிருந்தது.

"நல்லாத்தான்க்கா பேசுனேன். கேட்ட எல்லாத்துக்கும் பதில் சொன்னேன்" என்றார் அவர். நேர்முகத்தைக் கைப்பேசியில் பதிவும் செய்து வைத்திருந்தார்.

ஷம்சியா வாங்கிக் கேட்டார். எதிர்முனையில் வயதான ஒரு ஆணின் நிதானமான குரல். ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் வேலுச்சாமியின் குரல் உறுதியாக "ஹாய்" என்றது. ஜப்பானியத்தில் அதற்கு ஆமாம் என்று பொருள். ஒரு இடத்தில் அந்தப் பெரியவர் கேட்டார்: பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கி சரியில்லை, ஆனால் தலைவர் மேலே ஏறச் சொல்கிறார், என்ன செய்வீர்கள்? ஹாய். ஏறுவீர்களா? ஹாய். பிறகு பெரியவர் நன்றி சொல்லி முடித்துக்கொண்டார்.

"தம்பி, இந்தக் கேள்வி உங்களுக்குப் புரிஞ்சுச்சா?"

"பாதி."

"பெறகு எதுக்கு ஹாய் சொன்னீங்க?"

"புரியலன்னு சொன்னா மொழி தெரியாதவன்னு நெனைப்பாகள்ல."

பாடத்தில்தான் குறை என்று ஷம்சியா நினைத்தார். கேள்வியைத் தமிழில் கேட்டுப் பார்த்தார். "சரி, தமிழ்லயே சொல்லுங்க. கொக்கி சரியில்ல. ஃபோர்மேன் ஏறுங்குறாரு. என்ன செய்வீங்க?"

"ஏறுவேன்" என்றார் வேலுச்சாமி. "பாத்து ஏறுவேன்."

மற்றவர்களிடமும் அதே கேள்வியை இந்தியில் கேட்டார். தில் பகதூரும் ஏறுவதாகச் சொன்னார். அந்த ஃபோர்மேன் எந்த நாட்டுக்காரர் என்று மரிசெல் கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். ஷம்சியா மட்டும் சிரிக்கவில்லை. பெட்டிகளைக் காட்டி ஜப்பானியத்தில் ஒரு வேலை சொன்னார். எல்லாரும் ஒரே குரலில் ஹாய் என்றார்கள். முன்னால் இருந்த தில் பகதூர் எழுந்து சிவப்புப் பெட்டியைத் தூக்கினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கொரு சிவப்புப் பெட்டியைத் தூக்கினார்கள். ஷம்சியா சொன்னது ஜன்னலைத் திறக்கும்படி.

வளைகுடாவில் நாள்பட வேலை செய்தவர்களுக்கு இது தொழிலோடு ஒட்டிவந்த பழக்கம். உத்தரவு எந்த மொழியில் வந்தாலும் முதலில் தலையாட்டிவிட வேண்டும். பிறகு பக்கத்து ஆள் என்ன செய்கிறான் என்று பார்த்துச் செய்ய வேண்டும். பெரும்பாலும் வேலை நடந்துவிடும். ஆபத்து என்று கருதினால் யார் வேண்டுமானாலும் வேலையை நிறுத்தலாம் என்று சைட் வாசலில் பல மொழிகளில் பலகை வைத்திருக்கிறார்கள். வேலுச்சாமி அதைத் தினமும் கடந்துபோகிறார். நிறுத்திய ஒருவரை அவர் பார்த்ததில்லை.

ஷம்சியா ஒரு விதி வைத்தார். இனி இந்த அறையில் எதிர்க்கேள்வி ஒன்று கேட்காமல் யாரும் ஹாய் சொல்லக்கூடாது. மன்னிக்கவும், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்ற வாக்கியத்தை எல்லாருக்கும் மனப்பாடமாக்கினார்.

"அக்கா, சைட்ல போயி இப்பிடிக் கேட்டா கலாஸ், முடிஞ்சுச்சு, ஊருக்குப் போடான்னுருவான்."

"கேட்டுப் பாத்துருக்கீகளா?"

வேலுச்சாமி நோட்டைத் திறந்து அந்த வாக்கியத்தை எழுதிக்கொண்டார்.

அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளில் வகுப்பில் பாடம் மெதுவாகத்தான் நகர்ந்தது. ஒரு வாக்கியத்துக்கு ஒன்பது கேள்விகள் வந்தன. மரிசெல்லுக்கு இது பிடித்துவிட்டது. தெரிந்ததையும் திரும்பக் கேட்டார். தில் பகதூருக்கு எரிச்சலாக இருந்தது. தேநீர் கொண்டுவந்த கௌஸ், "நீ சொல்லிக் குடுக்குறியா, இல்ல சண்டை போடக் கத்துக் குடுக்குறியா?" என்று கேட்டார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க மச்சான், புரியல" என்றார் ஷம்சியா.

இரண்டாவது நேர்முகத்துக்கு முந்தைய வாரம் சைட்டில் வேலுச்சாமிக்குக் கொடுத்த பெல்ட்டின் கொக்கி முழுதாக மூடவில்லை. இதற்கு முன்னாலும் அப்படி ஏறியிருக்கிறார். அன்று அவர் ஏணிக்குக் கீழேயே நின்றார். ஃபோர்மேனிடம் கொக்கியைத் தூக்கிக் காட்டி, இது சரியில்லை என்று இந்தியில் சொன்னார்: "பாய், யே டீக் நஹி." ஃபோர்மேன் அவரைக் கண்டபடி வைதார். ஜல்தி, ஜல்தி என்று அவசரப்படுத்திக் கத்தினார். பிறகு ஸ்டோருக்கு ஆள் அனுப்பி வேறு பெல்ட் வரவழைத்தார். மறுநாள் வேலுச்சாமியை மேலே ஏற்றாமல் கீழே குழாய் சுமக்க விட்டார். ஊருக்கு அனுப்பவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நேர்முகம் நடந்தது. கேம்ப்பில் சத்தமாக இருக்கும் என்பதால் பின்னறையைக் கொடுத்திருந்தார்கள். வகுப்பு முழுக்க வெளியே கடையில் மூச்சடக்கி உட்கார்ந்திருந்தது. திரைச்சீலைக்கு அப்பால் அதே பெரியவரின் குரல். முதல் கேள்விக்கு வேலுச்சாமி "ஹா" என்று தொடங்கியது கேட்டது. ஷம்சியா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, மன்னிக்கவும், இன்னொரு தடவை என்று வேலுச்சாமியின் ஜப்பானியம் தட்டுத்தடுமாறி வந்தது. அடுத்த கேள்விக்கும் அதே. அதற்கடுத்த கேள்விக்கும்.

"இப்பிடிக் கேட்டுக்கிட்டே இருந்தா அந்த ஆளு போனை வச்சுருவாரு" என்று கௌஸ் கிசுகிசுத்தார்.

"வைக்கலயே. பேசாம இருங்க."

கொக்கியைப் பற்றிய கேள்வி மறுபடி வந்தது. வேலுச்சாமி அதற்குச் சின்னச் சின்ன வாக்கியங்களில் பதில் சொன்னார். போன வாரம் கொக்கி சரியில்லை. நான் ஏறவில்லை. சொன்னேன். தலைவர் கோபப்பட்டார். புதுக் கொக்கி வந்தது. ஏறினேன். இலக்கணம் அங்கங்கே உடைந்திருந்தது. அதைக் கேட்டு ஷம்சியாவின் உதடுகள் திருத்தத் தொடங்கி, பாதியில் நின்றன. பிறகு அந்தப் பெரியவர் சொன்னதை ஷம்சியா தெளிவாகக் கேட்டார். மன்னிக்கவும், இன்னொரு தடவை சொல்லுங்கள். எனக்குச் சரியாகப் புரியவில்லை.

வேலுச்சாமி இன்னொரு தடவை சொன்னார். இந்தமுறை கையோடு கொண்டுவந்திருந்த பெல்ட்டையே தூக்கிக் காட்டினார் போலிருக்கிறது, கொக்கி மேசையில் மோதும் ஓசை கேட்டது.

வெளியே வந்தவரின் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

"அவருக்கும் நான் பேசுனது பாதி வெளங்கலக்கா" என்றார் வேலுச்சாமி. அவருக்கு அது வியப்பாக இருந்தது. "ரெண்டு வாட்டி கேட்டாரு. வெக்கமே படல."

அடுத்த வாரம் தேர்வானதாகத் தகவல் வந்தது. அதை முதலில் ஆங்கிலத்தில் படித்துச் சொன்னவர் மரிசெல். இனி எல்லாம் நன்றாக அமைந்துவிடும் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அங்கேயும் ஃபோர்மேன்கள் இருப்பார்கள், அங்கேயும் பலகைகள் இருக்கும். இங்கே கீழே குழாய் சுமந்த நாட்களைப் போல அங்கேயும் சில நாட்கள் வரலாம்.

விசா வரும்வரை வேலுச்சாமி வகுப்புக்கு வருவதை நிறுத்தவில்லை. அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, குவைத்தின் ஃபர்வானியாவில் வேலையை விட்டுவந்த புதிய தமிழர் ஒருவர் சேர்ந்திருந்தார். ஷம்சியா ஜப்பானியத்தில் ஏதோ சொன்னார். புதியவர் முதுகை நிமிர்த்தி, "ஹாய்" என்றார். அறையில் இருந்த அத்தனை பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"அவசரப்படாதீங்க அண்ணே" என்று வேலுச்சாமி நகர்ந்து கம்பளிக் கட்டில் அவருக்கு இடம் கொடுத்தார். "எனக்கும் புரியல. கேப்போம்."